தலையைக் கொடுக்கும் முன் கடனைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதின்பருவ வாசகர்களுக்கான மிகுபுனைவுச் சிறுகதைகள் கேட்டுத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த அறிவிப்பைப் பார்த்தோம். மந்திரம், பூதம், யட்சி, வேற்றுலகம் எதுவும் வரலாம். கருப்பொருள் ‘தியாகமும் கடமையும்’. அளவு 1,500 சொல். நல்ல முயற்சி. ஃபேன்டஸி என்றாலே பனி பெய்யும் ஊரும் கற்கோட்டையும்தான் என்று நினைக்கிற பிள்ளைகள், பொதிகை அடிவாரத்தையும் தேரிக்காட்டையும் வைத்து எழுதிப் பார்க்க இது ஒரு வாய்ப்பு.

ஆனால் அறிவிப்பின் அடியில் ஒரு வரி உறுத்துகிறது. ‘நாயகன் அல்லது நாயகி தன் உயிரையே ஈந்து ஊரைக் காக்கும் கதைகளுக்கு முன்னுரிமை.’ இந்த வகைக் கதையில் உயிரை விடும் கட்டம்தான் எழுதுவதற்கு மிகச் சுலபமானது. ஒரு மழை, ஒரு கதறல், நாலு வரி போதும். இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் கடன்பட்ட ஒரு பிள்ளையால் இரண்டையும் அடைக்க முடியாது என்று வாசகரை நம்பவைப்பதுதான் கஷ்டம். அதைச் செய்யாமல் தலையை வெட்டிக்கொள்ளும் கதைகள் உங்களுக்குக் கட்டுக்கட்டாக வந்து சேரும். அதனால் எழுதப்போகிறவர்களுக்கும், வந்ததைப் படித்துத் தேர்ந்தெடுக்கப்போகிறவர்களுக்கும் உதவட்டும் என்று சிலவற்றை எழுதுகிறோம்.

இந்த வித்தையைக் கற்க வெகுதூரம் போக வேண்டாம். கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் கதையின் முடிவு தெரியாத ஆள் கிடையாது. தலைமைப் பாடகரான அண்ணாவி காப்புப் பாடி, குருவடி பாடி, அவையடக்கம் சொல்லி, நாட்டு வளம் பாடி, அதற்கப்புறம்தான் கதைக்குள் காலை வைப்பார். குடமும் உடுக்கும் வேகம் பிடித்து, நாயகன் சாகும் படுகளத்துக்கு வந்து சேர வெகுநேரம் ஆகும். சாவானா பிழைப்பானா என்று தெரிந்துகொள்ள அத்தனை நேரம் யாரும் விழித்திருப்பதில்லை. ‘இந்த இடத்தில் திரும்பிப் போயிருக்கலாமே பாவி’ என்ற ஆதங்கம்தான் அவர்களை எழுந்து போகவிடாமல் வைத்திருக்கிறது. திரும்பிப் போகக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, ஒவ்வொன்றிலும் அவன் திரும்பாததற்குக் காரணத்தையும் காட்டிவிட்டால் படுகளம் தானாக வந்துவிடும்.

முத்துப்பட்டன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்து, 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கதைப்பாடல் அது. பிராமணனான பட்டன், பொம்மக்கா திம்மக்கா என்ற அருந்ததியர் குலத்துப் பெண்கள் இருவரை மணக்க விரும்புகிறான். அண்ணன்மார் தடுக்கிறார்கள், முதல் திருப்பம். பெண்களின் தகப்பன் வாலப்பகடை நிபந்தனை போடுகிறார், இரண்டாவது. கல்யாணமான கையோடு, மாடுகளைக் களவாண்டு போகிறார்கள் என்று செய்தி வருகிறது, மூன்றாவது. மூன்றிலும் அவன் போகாமல் இருந்திருக்கலாம்.

நிபந்தனை என்னவென்று கவனியுங்கள். குடுமியை வெட்டு, பூணூலை அறு, செருப்புத் தைக்கப் பழகு. ‘எங்கள்மேல் விசுவாசமாக இரு’ என்று அந்த மனிதர் கேட்கவில்லை. கையால் செய்து காட்டக்கூடிய மூன்று காரியங்களைக் கேட்டார். கடமை என்ற பெரிய சொல்லை ஒரு பதினைந்து வயது வாசகர் கண்ணால் பார்க்கிற மாதிரி ஆக்குவது இப்படித்தான். மாடுகளை மீட்கப் போய்ப் பட்டன் வஞ்சகமாகக் குத்துப்பட்டுச் சாகும்போது, அது அவன் பிறப்பால் வந்த கடன் அல்ல என்பது கேட்பவர் எல்லாருக்கும் தெரியும். மாமனார் பொறுப்பில் இருந்த மாடு. அவர் வீட்டு வேலையை ஏற்றுக்கொண்டபோது கூடவே ஏற்றுக்கொண்ட காவல். காரையாறு சொரிமுத்தய்யனார் கோயிலில் பட்டவராயன் என்ற பெயரில் தெய்வமாகிவிட்ட அவனுக்கு இன்றும் செருப்பைத்தான் காணிக்கை கொடுக்கிறார்கள். அவன் செத்ததைவிட அவன் கற்றுக்கொண்ட தொழில் சனங்களுக்கு நினைவில் நின்றிருக்கிறது.

எழுத உட்காரும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு தாளை நடுவில் மடித்து, இரண்டு பக்கத்திலும் இவற்றை எழுதுங்கள்: யாருக்குக் கடன், என்ன வாங்கியது, எப்போது, யார் சாட்சி, எந்த நேரத்தில் திருப்பிக் கேட்பார்கள், கொடுக்காவிட்டால் யாருக்கு என்ன ஆகும். முதல் கேள்விக்கு ‘நாட்டுக்கு’ என்றோ ‘குலத்துக்கு’ என்றோ விடை வந்தால் தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு வேறு தாள் எடுக்க வேண்டும். கடன் கொடுத்தவருக்கு முகம் இருக்க வேண்டும். ‘வளர்த்தார்’ என்று எழுதினால் போதாது. எந்த வருஷம், எத்தனை நாள், எதைக் கொடுத்து? மூன்று கோட்டை நெல் என்று எழுதினால் கனம் வந்துவிடும். கோட்டைக்கு 21 மரக்கால் என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கதைக்குள்ளேயே ஒருவர் அளந்து போடட்டும், அந்த அளக்கும் காட்சியே கடன் காட்சி ஆகிவிடும். செஞ்சோற்றுக்கடன் என்று ஒரே சொல்லில் இதையெல்லாம் அடக்கி வைத்திருக்கிற மொழி நம்முடையது. அந்தச் சொல்லில் முதலில் இருப்பது சோறு.

வெறும் விதியாகச் சொன்னால் பிடிபடாது. ஒரு கதையைக் கட்டிப் பார்ப்போம்.

மலையடிவாரத்தில் ஒரு பெரிய குளம். அதில் பழைய குமிழித்தூம்பு, அதாவது தண்ணீர் திறந்துவிடும் மடை. குளத்துக்குள் நிற்கும் இரண்டு கல்தூண்கள், அவற்றின் அடியில் கல்தொட்டி; தொட்டிக்கு மேலே நீரோடித் துளை, கீழே சேறோடித் துளை; கரைக்கு அடியில் ஓடும் சுருங்கை வழியாகத் தண்ணீர் வயலுக்குப் போகிறது. மேல்துளையைத் திறந்தால் தெளிந்த நீர் மட்டும் போகும். கீழ்துளையையும் திறந்தால் அடியில் படிந்த சேறும் சேர்ந்து வெளியேறும், தண்ணீரும் வெகு வேகமாக இறங்கும். மூச்சடக்கி மூழ்கித் திறக்கிற மடைவேலை ஒரு பதினாறு வயதுப் பெண்ணிடம் இருக்கிறது. பூரணி என்று வைத்துக்கொள்வோம்.

முதல் கடன் கீழூருக்கு. தாய் தகப்பன் இல்லாத அவளுக்கு ஊரார் ஒவ்வொரு பூவுக்கும், அதாவது ஒவ்வொரு விளைச்சலுக்கும், மூன்று கோட்டை நெல் அளக்கிறார்கள். அளந்து போடுகிறவர் பேச்சிமுத்துப் பாட்டையா, அவருக்குக் கண் மங்கல், ஒவ்வொரு வருஷமும் ஒரு மரக்கால் கூடவே விழும்படி பார்த்துக்கொள்வார். இரண்டாவது கடன் தூம்புக்குள் குடியிருக்கும் பூதத்துக்கு. ஒன்பது வயதில் சுழலில் மாட்டியவளைத் தூக்கிக் கரையில் போட்டது. நூறு எண்ணும்வரை மூச்சடக்கும் வரத்தையும் கொடுத்தது. பதிலுக்கு, சேற்றுக்குள் இருக்கும் தன் குஞ்சுகள் கண் திறக்கும்வரை சேறோடியைத் திறக்க மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறது. ஐப்பசி அடைமழை. உபரி நீர் வழியும் மறுகால் பாய்ந்தும் தண்ணீர் மட்டம் ஏறுகிறது. விடிவதற்குள் கரை உடையும். சேறோடியைத் திறந்தால் ஊர் பிழைக்கும், குஞ்சுகள் அடித்துக்கொண்டு போகப்படும்.

இதுவரை கட்டியது பாதிதான். வாசகர் உடனே மூன்றாவது வழி தேடுவார், தேட வேண்டும். நீரோடியை மட்டும் திறந்தால் என்ன? முதல் சாமத்திலேயே திறந்தாயிற்று, மட்டம் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. கரையை ஓரிடத்தில் வெட்டிவிட்டால்? நனைந்த மண்கரையில் ஒரு முழம் வெட்டினால் தண்ணீர் அதை நிமிஷத்தில் பத்து முழம் ஆக்கிவிடும், உடைப்பும் அதுவும் ஒன்றுதான். ஊரை எழுப்பி மேட்டுக்கு அனுப்பினால்? கரைப்பாதை மறுகால் வெள்ளத்துக்கு அடியில் கிடக்கிறது. குஞ்சுகளை எடுத்து வேறிடத்தில் விட்டால்? கண் திறக்காத குஞ்சு வெளிக்காற்றில் அரை நாழிகை தாங்காது என்று பூதம் இரண்டாம் காட்சியிலேயே பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான வரைவுகள் சறுக்குகின்றன. கதவை அடைக்கிற தகவலை நெருக்கடி வந்த பிறகு கொண்டுவந்து வைத்தால், எழுதுகிறவர் வாசகரை ஏமாற்றியதாக ஆகும். நெருக்கடிக்கு முன்னால், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், முக்கியமில்லாதது போல விழ வேண்டும்.

அயல்நாட்டு இளையோர் நாவல்களில் இந்த வேலையை மிக நேர்த்தியாகச் செய்தது ஃபிலிப் புல்மன் 2000இல் வெளியிட்ட ‘தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்’. வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்த லைரா என்ற பெண்ணும் வில் என்ற பையனும் பிரிந்தே ஆக வேண்டும் என்ற முடிவுக்கு வரும்போது வாசகர் தேடும் வழி ஒவ்வொன்றும் அடைபட்டிருக்கிறது. ஒருவர் மற்றவர் உலகில் போய் இருக்கலாமே? தன் உலகைவிட்டு வெளியே இருப்பவர் பத்து வருஷத்துக்குள் நோயில் விழுந்து இறப்பார். வில்லின் தகப்பனுக்கு நேர்ந்ததை வாசகர் முன்பே பார்த்தாயிற்று. உலகங்களுக்கு நடுவே வாசல் வெட்டும் மந்திரக் கத்தியால் அவ்வப்போது வாசல் திறந்து சந்திக்கலாமே? ஒவ்வொரு திறப்பும் உயிருறிஞ்சும் ஒரு பேயைப் பிறப்பிக்கிறது. ஒரே ஒரு வாசலையாவது விட்டுவைக்கலாமே? விட்டுவைக்க முடிந்தது ஒன்றுதான், அதை இறந்தவர்கள் வெளியேறுவதற்குக் கொடுத்துவிட்டார்கள். இருவரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். ஆனாலும் அந்தப் புத்தகத்தை மூடிவைத்த பிள்ளைகள் அழுகிறார்கள் என்றால், முன்கூட்டியே சாத்தி வைத்த கதவுகள்தான் காரணம்.

பூரணிக்கு வருவோம். அவள் சாக வேண்டுமா? உங்கள் அறிவிப்பின்படி ஆம். எங்கள் கணக்கின்படி அவள் சேறோடியைத் திறக்கிறாள், ஊர் பிழைக்கிறது, குஞ்சுகள் போகின்றன, சத்தியம் முறிந்ததால் மூச்சு வரமும் போகிறது. அடுத்த பூவுக்கு மடைவேலை இல்லை, மூன்று கோட்டை நெல்லும் இல்லை. ஊருக்கு நடந்தது தெரியாது. ‘மழைக்குப் பயந்துட்டா’ என்கிறார்கள். தினமும் அந்தக் குளக்கரை வழியாகத்தான் நடந்து போக வேண்டும். செத்திருந்தால் நடுகல் கிடைத்திருக்கும்.

மந்திரத்தின் விலை பற்றியும் சொல்ல வேண்டும். விலையில்லாத மந்திரம் இருக்கிற உலகில் தியாகம் செல்லாது. ஒரு சொல்லில் எதையும் மீட்டுவிடலாம் என்றால் ஏன் ஒருவர் எதையும் இழக்க வேண்டும்? தமிழில் இதற்கு ஆகப் பழைய பாடம் மணிமேகலை. மணிமேகலா தெய்வம் அவளுக்குக் கொடுப்பது மூன்றே மந்திரங்கள்: வேற்று வடிவம் எடுக்க, வான்வழி போக, பசி நீங்க. உதயகுமாரனிடமிருந்து தப்ப அவள் காயசண்டிகை வடிவம் எடுக்கிறாள். அந்த வடிவமே, தன் மனைவியை அரசகுமாரன் தொடர்கிறான் என்று காயசண்டிகையின் கணவன் காஞ்சனனை எண்ணவைத்து, உதயகுமாரனை வெட்டவைக்கிறது. காயசண்டிகையின் பசிக்குக் காரணம் நம் பொதிகையில் நடந்தது: பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் ஒரே ஒரு நாவற்கனி, அதை அவள் காலால் சிதைத்தாள், முனிவர் பன்னிரண்டு ஆண்டு யானைத்தீ என்னும் பசியைச் சாபமாகக் கொடுத்தார். ஒரு கனிக்குப் பன்னிரண்டு ஆண்டு என்று அளவு ஒன்றுக்கொன்று ஒட்டி நிற்கிறது. சாபமும் வரமும் இப்படி எண்ணிக்கையோடு இருந்தால்தான் வாசகர் தானாகக் கணக்குப் போட்டுப் பயப்படுவார்.

சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்துக் கலைஞர் கையைக் கீறிச் சில சொட்டு ரத்தம் விடும் கைவெட்டுச் சடங்கும் மந்திர விலைக்கு நல்ல அளவுகோல். விடுகிறவர் யார், எந்த நேரத்தில், எவ்வளவு என்பதெல்லாம் முறைப்படுத்தப்பட்டது. வருவது அவருடைய சொந்த உடம்பிலிருந்து. உங்கள் கதையில் மந்திரம் போடுகிறவர் அடுத்தவர் ரத்தத்தில் விலை கொடுக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அவர் நாயகர் அல்ல. வில்லனாக எழுதினால் நன்றாக வரும்.

யார் சாகிறார்கள் என்ற கேள்வியும் இதோடு சேர்ந்ததுதான். பாரதப் போருக்கு முன் களப்பலிக்கு 32 லட்சணமும் பொருந்திய ஆள் தேடியபோது பாண்டவர் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள்: கிருஷ்ணன், அர்ச்சுனன், அரவான். முதல் இருவரும் போருக்கு வேண்டியவர்கள். மிஞ்சியது நாககன்னி பெற்ற பிள்ளை. அந்தத் தேர்வில் இருக்கிற அநியாயத்தைத் தெருக்கூத்து மறைப்பதில்லை, அதனால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்றைய வரைவுகளில் அது மறைந்துவிடுகிறது. அரசகுமாரனுக்குப் புத்தி வருவதற்காகத் தோழன் சாகிறான், செவிலித்தாய் சாகிறாள், மலைச்சாதிப் பெண் குறுக்கே விழுந்து அம்பை வாங்கிக்கொள்கிறாள். மூன்று பக்கம் கழித்து யாரும் அவர்கள் பெயரைச் சொல்வதில்லை. ஒரு சின்னப் பரிசோதனை: சாகிற பாத்திரத்தின் பெயரைக் கடைசி அத்தியாயத்தில் தேடுங்கள். இல்லையென்றால் அது பலி, தியாகம் அல்ல. அரவான் சும்மா தலை கொடுக்கவில்லை. கல்யாணம் வேண்டும், பாரதப் போரைக் கடைசிவரை பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். சாகப்போகிற பாத்திரத்தை ஏதாவது ஒன்று கேட்கவிடுங்கள். கேட்கத் தொடங்கினாலே அது மனுஷப்பிறவி ஆகிவிடும்.

அடுத்தது, நெல்லைச் சீமையில் மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய விஷயம். இளையோர் மிகுபுனைவில் குலங்கள் வைப்பது வழக்கம். தீக்குலம், நீர்க்குலம், காற்றுக்குலம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு குறி, பிறவியிலேயே வருகிற ஒரு குணம். வேறு ஊரில் இது வெறும் விளையாட்டாக இருக்கலாம். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளையின் மணிக்கட்டில் இருக்கும் கயிற்றின் நிறத்தைப் பார்த்து அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று இன்னொரு பிள்ளை சொல்லிவிடும். 2023இல் நாங்குநேரியில் சாதிவெறியில் ஒரு மாணவனைச் சக மாணவர்கள் வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் அந்த வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. கயிற்றைப் பள்ளி வாசலில் அறுத்துவிட்டு, கதைப் புத்தகத்தின் வழியாகத் திரும்பக் கட்டிவிடக் கூடாது. ‘தீக்குலத்தில் பிறந்தவன் புறமுதுகு காட்டமாட்டான்’ என்று எந்தப் பாத்திரமாவது சொல்லி, கதையும் அதை மெய்யாக்கினால் கட்டியாயிற்று என்று பொருள்.

குலமே வேண்டாம் என்று சொல்லவில்லை. திறமை பழக்கத்தால் வரட்டும்: நெருப்பைக் கையாள ஏழு வருஷப் பயிற்சி, எந்தக் குலத்துப் பிள்ளையும் சேரலாம். குலம் மாறிப் போனவர் ஒருவராவது கதையில் நடமாடட்டும். தன் குலம் செய்த ஒரு குற்றத்தை நாயகி நேரில் பார்த்திருக்கட்டும். அவளுடைய பிளவு அங்கிருந்து தொடங்கினால் வலுவாக இருக்கும்.

முத்துப்பட்டன் கதைக்கு நேர்ந்த ஒரு விபத்தும் இதே ரகம்தான். பிற்காலத்தில் யாரோ கதையில் கைவைத்து, பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தார் என்று சேர்த்துவிட்டார்கள். வானமாமலை இந்த ஒட்டுவேலையைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். இதனால் என்ன நஷ்டம் என்று கதைக்கணக்காகவே பாருங்கள். பட்டன் அறுத்த பூணூல் வீண். தைத்த செருப்பு வீண். அண்ணன்மாரோடு முறித்தது வெறும் தவறான புரிதல். ஒரே ஒரு தகவலால் எல்லா இழப்பும் திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டது. இளையோர் ஃபேன்டஸியில் பழகிப் புளித்த ‘அநாதைச் சிறுவன் உண்மையில் அரச வம்சம்’ என்ற முடிச்சு செய்வதும் அச்சாக இதே நஷ்டத்தைத்தான். குயவன் மகனாக வளர்ந்து, குயவன் மகனாகவே அரியணையை மறுக்கிறவன் கதைக்கு வேண்டும். கர்ணன் பிறப்பு ரகசியமும் இப்படித்தானே என்று கேட்கலாம். அவனுக்கு ரகசியம் தெரிந்த பிறகும் அவன் பக்கம் மாறவில்லை. கடனைக் கூட்டுவதற்காக வந்த ரகசியம் அது, தள்ளுபடி செய்வதற்காக வந்ததல்ல.

எதிரிப் பக்கத்து விசுவாசத்தை எழுதக் கம்பனின் கும்பகருணன் ஒருவன் போதும். வீடணன் நேரில் வந்து கூப்பிடுகிறான், போகலாம், வாழலாம். அண்ணன் செய்தது தப்பு என்று கும்பகருணனுக்கும் தெரியும், அதை அண்ணனிடமே சொன்னவன். ஆனாலும் நீர்க்கோலம் போன்ற இந்த வாழ்வுக்கு ஆசைப்பட்டு, நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலம் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான். அதே மூச்சில் வீடணனை அங்கேயே போய் இருக்கவும் சொல்கிறான். இரண்டு தம்பிகள், இரண்டு முடிவு, இரண்டுமே முட்டாள்தனம் இல்லை. இராவணனை அன்பே இல்லாத அரக்கனாக எழுதியிருந்தால் இந்தக் காட்சி நின்றிருக்காது. இளம் எழுத்தாளர்கள் செய்கிற தவறு, கதையின் நடுவில் பயந்துபோய் ஒரு பக்கத்து எசமானரைக் கொடியவர் ஆக்கிவிடுவது. பூதம் திடீரென்று ‘நான் உன்னை ஏமாற்றினேன், ஹா ஹா’ என்று சிரிக்கும். கடன் ரத்து, நாயகிக்கு நிம்மதி, வாசகருக்கு ஏமாற்றம்.

துரோகி பாத்திரத்துக்கும் இது பொருந்தும். எட்டப்பன் என்ற பெயரையே வசைச்சொல் ஆக்கிவைத்திருக்கிற சீமை நம்முடையது. அந்த முத்திரை விழுந்த நொடியிலிருந்து அந்த ஆளின் காரணத்தை யாரும் கேட்பதில்லை. நாவல் எழுதுகிறவருக்கு அந்தக் காரணம்தான் சரக்கு. மருதநாயகம் என்ற கான்சாகிபு ஆங்கிலேயக் கும்பினிக்காகப் பூலித்தேவரோடு மோதினார், பிறகு கும்பினியையே எதிர்த்து நின்று 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். கதைப்பாடல் பாடியவர்கள் அவரை ஒதுக்கவில்லை. பக்கம் மாறிய ஒருவரை நாயகராக வைத்து ஒரு கதை வந்தால் முதலில் அதைப் படியுங்கள்.

சாவை எழுதியே தீருவேன் என்கிறவர்களுக்கு, வாசகரின் வயதை நினைவில் வைத்துச் சில எச்சரிக்கைகள். ‘நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நல்லது’ என்பது மனம் உடைந்த பிள்ளை தனியே நினைக்கிற நினைப்பும்கூட. அந்த வாக்கியத்தை அழகான வசனமாக்கி நாயகன் வாயில் போடாதீர்கள். சாகப்போகிறவர் கடைசிவரை வாழ விரும்ப வேண்டும், வேறு வழி தேட வேண்டும். ஒருவராவது அவரோடு சண்டை போட்டுத் தடுக்க வேண்டும், அந்த வாதத்தில் நியாயமும் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஊர் என்ன ஆனது, யார் வீட்டு அடுப்பு எரியவில்லை, யார் கோபப்பட்டார்கள் என்பதற்கு இடம் ஒதுக்குங்கள். இறந்தவர் ஆவியாக வந்து புன்னகைத்து எல்லாரையும் மன்னிக்கும் காட்சி அந்த இழப்பை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும், தயவுசெய்து வேண்டாம்.

சாவில்லாமல் விசுவாசப் பிளவை எழுத அர்சுலா லெ குவினின் ‘தி டூம்ப்ஸ் ஆஃப் அட்டுவான்’ (1971) நல்ல பயிற்சி நூல். ஐந்து வயதில் வீட்டிலிருந்து எடுத்து வரப்பட்டு, பெயரும் பறிக்கப்பட்டு, இருட்டுத் தெய்வங்களுக்குப் பூசாரியாக்கப்பட்ட பெண், அந்தச் சிறைக்குள் சிக்கிய அந்நியனைச் சாகவிடாமல் காப்பாற்றுகிறாள். தப்பிப் போகையில், அவளைச் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்ட மானன் குழியில் விழுந்து இறக்கிறான். விடுதலையாகி வெளியே வந்த பெண் அழுகிறாள், அந்நியன்மீதே கோபப்படுகிறாள். தப்பித்ததற்கும் விலை உண்டு என்று அந்த ஆசிரியை ஒளிக்கவில்லை.

இனி அறிவிப்புக்கு. 1,500 சொல்லில் சாவைத்தான் எழுத முடியும். எங்கள் கணக்கு இது: உலகத்தைக் காட்ட 500 சொல், கடன் காட்சிகள் இரண்டு, ஒன்றுக்கு 700 வீதம் 1,400, கதவுகளை அடைக்க 800, முடிவெடுக்கும் கட்டம் 600, பிறகு நடப்பதற்கு 700. ஆக 4,000. ஞாயிறு இணைப்பில் அவ்வளவு இடம் இல்லையென்றால், தேர்வாகும் கதைகளை இரண்டு வாரமாகப் பிரித்துப் போடலாம். முதல் வாரத்தைக் கதவுகள் எல்லாம் அடைபட்ட இடத்தில் நிறுத்தினால் அடுத்த வாரமும் பிள்ளைகள் பேப்பரை முதலில் எடுப்பார்கள்.

முன்னுரிமை வரியை எடுத்துவிடக் கோருகிறோம். அந்த இடத்தில், கதையோடு மேலே சொன்ன, நடுவில் மடித்த கடன்தாளையும் இணைத்து அனுப்பச் சொல்லலாம். தேர்வு செய்கிறவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். கடைசித் தேதி அரையாண்டுத் தேர்வுக்கு நடுவில் விழுகிறது. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்துக்குத் தள்ளி வைத்தால் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் எழுதுவார்கள்.

இப்படிக்கு,
இளையோர் நூல்களைப் படித்துத் திருத்தும் வாசகர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.